தராசுக் கூலியும் கார்டுக் கூலியும்

"காஞ்சீபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்" என்று நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்ட சோம்பேறி எவனாவது, சாய்வு நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டு ஆட்டினால் சோறு வரும் என்று நம்பி ரயில் ஏறினால், அவன் ஏமாந்துதான் திரும்புவான். அந்த ஊரில் காலாட்டுவது என்றால் தறிக்குழியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதிப்பது. காலும் கையும் கண்ணும் ஒன்றுக்கொன்று தாளம் தப்பாமல் நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் உழைத்தால், ஒரு புடவை தறியிலிருந்து இறங்கும்.

ஆனால் காலைக்கூட ஆட்டாமல், ஒவ்வொரு புடவையிலும் தன் பங்கைப் பெற்றுக்கொண்டு போகும் ஒருவர் இப்போது காஞ்சீபுரத்தில் இருக்கிறார். அவரை நான் போன மாதம் ஒரு கடையில் சந்தித்தேன். சந்தித்தேன் என்று சொல்வதுகூடச் சரியல்ல. அவர் கண்ணுக்குத் தெரிகிற ஆசாமி அல்ல.

எங்கள் உறவில் ஒரு கல்யாணம். கூறைப் புடவை எடுக்க நானும் என் மனைவியும் காஞ்சீபுரம் போனோம். காந்தி ரோட்டின் பெரிய மாளிகைகளையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு சந்துக்குள் இருந்த சிறிய கடையில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் பிள்ளையார்பாளையத்துக்காரர், தகப்பனார் காலம் வரையில் தறியில் உட்கார்ந்த குடும்பம். இன்றைக்கும் நாலைந்து தறிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்கி விற்கிறார். அரக்கு நிற உடலும் பச்சைக் கரையுமாகக் கோர்வை போட்ட ஒரு புடவை என் மனைவியின் மனத்தைக் கவர்ந்துவிட்டது. விலை முப்பதாயிரம் ரூபாய். பேரம் பேசினோம், அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம், விலை மட்டும் அசையவில்லை.

சரியென்று என் மனைவி கைப்பையிலிருந்து கிரெடிட் கார்டை எடுத்து நீட்டினாள். அதுவரையில் மலர்ந்திருந்த கடைக்காரர் முகம், திரி குறைத்த விளக்கைப் போல் சற்று மங்கியது.

"என்ன ஐயா, கார்டு வாங்கமாட்டீர்களா?" என்று கேட்டேன்.

"வாங்காமல் என்ன? தாராளமாய்க் கொடுங்கள், அம்மா" என்றார் அவர். ஆனால் அந்தத் "தாராளமாய்" என்ற சொல்லில் தாராளம் குறைவாகத்தான் இருந்தது.

விடாமல் கேட்டேன். தயங்கித் தயங்கிக் கணக்குப் புஸ்தகத்தைப் பிரித்தார்.

"இந்தப் புடவையில் பட்டு, ஜரிகை, சாயம், நெசவுக் கூலி, கடை வாடகை எல்லாம் போக, எனக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் நின்றால் அதிகம். கிரெடிட் கார்டில் வாங்கினால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் பாங்கியில் பிடித்துக்கொள்கிறார்கள். முப்பதாயிரத்துக்கு அறுநூறு. அதன்மேல் பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. நூற்றெட்டு. ஆக 708 ரூபாய். மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள், ஐயா."

போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு இரண்டு என்று கேட்கும்போது காதுக்கு அது அற்பமாகத்தான் தொனிக்கிறது. ஆனால் அந்த இரண்டு, லாபத்தின் மீது விழவில்லை. விற்பனை முழுவதின் மீதும் விழுகிறது. முப்பதாயிரத்தில் அடங்கியுள்ள சர்க்கார் வரி கடைக்காரருடைய பணம் அல்ல. அந்த வரித் தொகையின் மீதும் விழுகிறது! ஆயிரத்தைந்நூறு ரூபாய் லாபத்தில் எழுநூற்றெட்டு என்றால், கிட்டத்தட்டப் பாதி. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பங்காளி இவர்தான்.

* * *

கூலி வாங்குவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சந்தை என்று ஒன்று இருந்தால் அதில் இடைக்கூலி இருக்கத்தான் செய்யும். காஞ்சீபுரத்துக்கு இது புதிதும் அல்ல. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனுடைய செப்பேடு ஒன்று சென்னை மியூஸியத்தைச் சேர்ந்தது. இன்று உலகளந்த பெருமாள் கோயில் என்று நாம் சொல்லும் ஊரகத்துப் பெருமாள் கோயிலைப் பற்றியது அது. கச்சிப்பேட்டில், அதாவது காஞ்சியில், சரக்குகளை நிறுப்பதற்கும் அளப்பதற்கும் வாங்கிய கூலி அந்தக் கோயிலுக்குச் சேர்ந்ததாக அதிலிருந்து தெரிகிறது. அவ்வூர் நெசவாளர் சேரிகளைப் பற்றியும் அந்தச் செப்பேடு பேசுகிறது.

ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அந்தத் தராசுக் கூலிக்கும் இன்றைய கார்டுக் கூலிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தராசுக் கூலி செப்பேட்டில் ஏறியது. யார் கொடுக்கிறார்கள், யாருக்குப் போகிறது என்பது ஊரறிந்த விஷயம். கார்டுக் கூலியோ, கார்டை நீட்டுகிற நமக்குத் தெரிவதில்லை. நமக்கு வருகிற ரசீதில் முப்பதாயிரம் என்றுதான் இருக்கும். 708 ரூபாய் கடைக்காரருடைய பாங்கிக் கணக்கில் சத்தமில்லாமல் கழிந்து போகிறது. நமக்குத் தெரிவதெல்லாம், கார்டு உபயோகித்ததற்காகப் பாங்கி நமக்கு வழங்கும் "பரிசுப் புள்ளி"கள் மட்டுமே. அந்தப் பரிசின் பெரும் பங்கு எந்த வீட்டு உண்டியலிலிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை.

இந்தக் கூலிக்கு எம்.டி.ஆர். என்று பெயர். இதை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நமக்குக் கார்டு கொடுத்த பாங்கிக்குப் பெரும் பங்கு. விஸா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புக்கு ஒரு சிறு பங்கு. கடைக்காரருக்கு மிஷின் கொடுத்த பாங்கிக்கு அல்லது கம்பெனிக்கு மற்றொரு பங்கு. முதல் இரண்டும் சிறு கடைக்காரர் சொல்லுக்கு அசையமாட்டா. மூன்றாவது பங்கும் மிஷினுக்கு மாதந்தோறும் கட்டும் வாடகையும் பேரத்துக்கு உட்பட்டவை. புடவைக்கு நம்மோடு அரைமணி நேரம் பேரம் பேசத் தெரிந்த காஞ்சீபுரத்து வியாபாரி, பாங்கியோடு ஐந்து நிமிஷம்கூடப் பேரம் பேசுவதில்லை. நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். என் நண்பரும் அப்படித்தான் போட்டிருந்தார்.

* * *

சட்டம் இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறதா என்றால், ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறது. டெபிட் கார்டு, அதாவது நம் கணக்கில் இருக்கும் நம் பணத்தையே எடுத்துக் கொடுக்கும் கார்டு, அதற்கு ரிஸர்வ் பாங்கி உச்சவரம்பு விதித்திருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த உத்தரவின்படி, முந்திய வருஷத்தில் இருபது லட்சம் ரூபாய் வரையில் விற்ற கடைக்கு மிஷின் மூலம் 0.40 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது. எவ்வளவு பெரிய பில்லானாலும் 200 ரூபாயைத் தாண்டக்கூடாது. அதைவிடப் பெரிய கடைக்கு 0.90 சதவீதம், உச்சம் 1,000 ரூபாய். எங்கள் முப்பதாயிரம் ரூபாய்ப் புடவைக்கு இது சிறு கடையானால் 120 ரூபாய். சற்றுப் பெரிய கடையானால் 270 ரூபாய். வரி தனி. கல்யாணத்துக்கு மொத்தமாக இரண்டு லட்ச ரூபாய்க்கு ஜவுளி எடுத்தால் உச்சவரம்பின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

2020 ஜனவரி 1 முதல் இன்னொரு படி முன்னேறினோம். சுதேசிச் சரக்கான ரூபே டெபிட் கார்டுக்கும், பாங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் போகும் யு.பி.ஐ. முறைக்கும் வியாபாரியிடம் எம்.டி.ஆர். வாங்கக்கூடாது என்று ஏற்பட்டது. டீக்கடை முதல் கோயில் வாசல் பூக்கடை வரையில் க்யூ.ஆர். அட்டை தொங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

கிரெடிட் கார்டுக்கு மட்டும் ரிஸர்வ் பாங்கியின் உச்சவரம்பு இல்லை. பாங்கியும் வியாபாரியும் பேசிக்கொள்வதுதான் விகிதம். பேசாதவருக்குப் பாங்கி எழுதியதே விகிதம்.

வெளிதேசங்களில் இது வெகுநாளைய வழக்கு. 1950-ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் கார்டு தோன்றியபோது ஹோட்டல்காரர்களிடம் நூற்றுக்கு ஏழு வீதம் பிடித்தார்களாம். அதோடு பார்த்தால் இன்றைய இரண்டு சதவீதம் சகாயம்தான். ஆனால் அந்தக் குறைவு தானாக வந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் ரிஸர்வ் பாங்கி 2003-ல் தலையிட்டுக் கார்டு கொடுக்கும் பாங்கியின் பங்கைக் குறைத்தது. ஐரோப்பிய யூனியன் 2015-ல் அந்தப் பங்குக்கு டெபிட் கார்டில் 0.2 சதவீதம், கிரெடிட் கார்டில் 0.3 சதவீதம் என்று வரம்பு கட்டியது. அமெரிக்காவில் வியாபாரிகள் இதற்காகக் கோர்ட்டு ஏறி வருஷக் கணக்கில் போராடியிருக்கிறார்கள். ஆகவே இந்தக் கூலி, மழையும் வெயிலும் போல் இயற்கையாக வருவது அல்ல. மனிதர்கள் வகுத்தது, மனிதர்கள் கேட்டால் குறைவது.

* * *

பாங்கியின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. கிரெடிட் கார்டில் வாங்குகிறவர் பல நாள் கழித்துத்தான் பணம் கட்டுகிறார். அதுவரையில் பணத்தைப் போடுவது பாங்கி. கட்டாமல் போகிறவர்களால் வரும் நஷ்டமும், மோசடியால் வரும் நஷ்டமும் பாங்கியின் தலையில் விழக்கூடும். கையில் ரொக்கம் இல்லாதவரையும் கடைக்குள் அழைத்து வருவது அந்தக் கார்டுதான். ரொக்கமும் செலவில்லாததல்ல. எண்ண வேண்டும்; கள்ள நோட்டுப் பார்க்க வேண்டும்; இரவில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும்.

யு.பி.ஐ.யும் ஆகாயத்திலிருந்து இலவசமாக இறங்கவில்லை. அதை நடத்தும் பாங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும் செலவு உண்டு. சிறு வியாபாரிகள் பெறும் சிறு தொகைகளுக்கு ஊக்கத்தொகையாக 2024-25-ஆம் வருஷத்துக்கு மத்திய சர்க்கார் 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதாவது வரி கட்டுகிற நாம்தான் அந்தக் கூலியைக் கொடுக்கிறோம். கூலி எங்கும் மறைந்துவிடுவதில்லை. அதைத் தாங்கக்கூடியவர் தாங்குகிறாரா, தாங்க முடியாதவர் தலையில் விழுகிறதா என்பதே கேள்வி.

கிரெடிட் கார்டு விஷயத்தில் விடை தெளிவாக இருக்கிறது. பெரிய மாளிகைக்காரர் கோடிக்கணக்கான வியாபாரத்தைக் காட்டிக் குறைந்த விகிதம் வாங்கிவிடுகிறார். சந்துக் கடைக்காரருக்கு அந்தச் செல்வாக்கு இல்லை. அவர் என்ன செய்வார்? விலையைக் கூட்டினால், பாடுபட்டுச் சேர்த்த ரொக்கத்தைக் கொண்டுவரும் ஏழைத் தாயாரும் நம்முடைய பரிசுப் புள்ளிக்குச் சேர்த்துப் பணம் கட்டுகிறாள். கூட்டாவிட்டால் தம் லாபத்தில் பாதியை விடுகிறார். அதற்கும் முடியாத நாளில் அவர் கை எங்கே போகும்? பட்டின் விலையைக் கர்நாடகம் விடாது; ஜரிகையின் விலையைச் சூரத் விடாது. பேசாமல் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரின் கூலி. பழமொழி சொன்ன கால் அது.

* * *

அன்றைக்கு அந்தக் கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நானும் நண்பரும் சில யோசனைகள் பண்ணினோம். மற்றச் சிறு வியாபாரிகளுக்கும் உபயோகப்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, பாங்கியிலிருந்து மாதந்தோறும் வரும் கணக்கைப் படிக்க வேண்டும். டெபிட், கிரெடிட், வெளிநாட்டுக் கார்டு, கம்பெனிக் கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் விகிதம் வேறு. எல்லாவற்றையும் கலந்து ஒரே தொகையாகக் காட்டினால், பிரித்துக் காட்டும்படி எழுத்து மூலம் கேட்க வேண்டும். டெபிட் கார்டுக்கு மேலே சொன்ன வரம்பைத் தாண்டியிருந்தால் அது பேரம் பேசும் விஷயமே அல்ல. திருப்பிக் கேட்கவேண்டிய பணம். சிங்கப்பூரிலிருந்தும் மலேயாவிலிருந்தும் கல்யாண ஜவுளிக்கு வருகிறவர்களின் கார்டுக்குக் கூலி இன்னும் அதிகம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டாவது, அந்த நூற்றெட்டு ரூபாய். வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு செய்துள்ள கடைக்காரர், பாங்கிக்குக் கட்டிய இந்த வரியைத் தாம் சர்க்காருக்குக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. பாங்கியின் வரி ரசீதைத் தம் கணக்குப்பிள்ளையிடம் மாதாமாதம் சேர்க்க வேண்டும். என் நண்பர் அந்தக் காகிதங்களைப் புடவைப் பெட்டிக்கு அடியில் விரித்து வைத்திருந்தார்!

மூன்றாவது, யு.பி.ஐ. என்றாலே இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டையும் யு.பி.ஐ.யோடு இணைக்கலாம். அதே க்யூ.ஆர். அட்டையைக் காட்டினாலும், வாங்குகிறவர் கிரெடிட் கார்டிலிருந்து அனுப்பினால் பெரிய தொகைக்குக் கூலி உண்டு. சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரையில் மட்டும் விலக்கு. "கணக்கிலிருந்து அனுப்புகிறீர்களா?" என்று பணிவாக ஒரு வார்த்தை கேட்டால் போதும். தவணை முறையில் "வட்டியில்லை" என்று விளம்பரம் செய்யும்போதும், அந்த வட்டி பெரும்பாலும் விற்பவர் தலையிலேயே விழுகிறது.

நான்காவது, பெரிய தொகை. யு.பி.ஐ.யில் நாளொன்றுக்குப் பொதுவாக ஒரு லட்ச ரூபாய் வரம்பு. அதற்கு மேல் வாங்குகிறவர், தம் சேமிப்புக் கணக்கிலிருந்து இன்டர்நெட் மூலம் என்.இ.எஃப்.டி. முறையில் அனுப்பலாம். 2020 ஜனவரி முதல் அதற்குப் பாங்கிகள் கட்டணம் வாங்குவதில்லை. 2019 டிசம்பர் முதல் ராத்திரி பகல் எந்நேரமும் நடக்கிறது. கடைச் சுவரில் கணக்கு எண்ணை எழுதித் தொங்கவிடுவதற்கு ஓர் அட்டையும் ஆணியும்தான் செலவு.

ஐந்தாவது, ஒன்று சேர்வது. காஞ்சீபுரத்துக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. தனித்தனியாக நின்றபோது பட்டுக்கும் ஜரிகைக்கும் கேட்ட விலையைக் கொடுத்த நெசவாளர்கள், கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டு நிமிர்ந்த ஊர் அது. கோ-ஆப்டெக்ஸ் 1935-லேயே தோன்றிவிட்டது. ஒரு கடையின் மூன்று லட்ச ரூபாய்க் கார்டு வியாபாரத்தைப் பாங்கி மதிக்காது. ஐம்பது கடைகள் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டு, "எங்களுக்கு என்ன விகிதம் தருகிறீர்கள்?" என்று நாலு பாங்கிகளைக் கேட்டால், நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள்.

இதில் ஒரு கணக்கு. மாதம் மூன்று லட்ச ரூபாய்க்குக் கிரெடிட் கார்டில் விற்கும் கடை, பேரம் பேசி விகிதத்தில் 0.3 சதவீதம் குறைத்தால், வருஷத்துக்கு 10,800 ரூபாய் மிச்சம். அதே கடையில் கார்டு நீட்டுகிறவர்களில் பாதிப் பேர் கணக்கிலிருந்து யு.பி.ஐ.யில் கொடுத்தால், இரண்டு சதவீத விகிதத்தில் 36,000 ரூபாய் மிச்சம். ஆகவே கடைக்காரர் பாங்கியில் செய்யும் பேரத்தைவிட, வாங்குகிற நாம் கைப்பையைத் திறக்கும்போது செய்யும் முடிவுக்கு வலிமை அதிகம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "கார்டு என்றால் இரண்டு சதவீதம் கூடுதலாகக் கொடுங்கள்" என்று வாங்குகிறவரிடம் கேட்பது சரியல்ல. டெபிட் கார்டுக் கூலியை வாங்குகிறவர் தலையில் ஏற்றக்கூடாது என்று ரிஸர்வ் பாங்கியே சொல்லியிருக்கிறது. கிரெடிட் கார்டுக்கும் பாங்கிகள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் பொதுவாக அதைத் தடுக்கின்றன. உண்மையை எடுத்துச் சொல்லி வேண்டிக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. நல்ல வார்த்தைக்கு நம் ஜனங்கள் எப்போதும் செவி சாய்ப்பவர்கள்.

* * *

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, கார்டைத் திரும்பக் கைப்பையில் போட்டாள்.

"இதில் எனக்கு எத்தனை புள்ளி வந்திருக்கும்?" என்று என்னைக் கேட்டாள்.

"சேர்த்து வைத்தால் ஒரு காப்பி வடிகட்டி வாங்கலாம்" என்றேன்.

"நம் வீட்டில் இருக்கிற வடிகட்டி நன்றாய்த்தான் வடிகட்டுகிறது" என்று சொல்லிவிட்டு, டெலிபோனை எடுத்துக் கணக்கிலிருந்து நேராகப் பணத்தை அனுப்பினாள். முப்பதாயிரம் ரூபாய் முழுசாக வந்து சேர்ந்ததென்று கடைக்காரருடைய பெட்டி உரக்க அறிவித்தது.

அவர் முகத்தில் திரி மறுபடியும் தூண்டப்பட்டது. கைமடிப்புக் கலையாமல் புடவையைப் பையில் வைத்துக் கொடுத்துவிட்டு, "இன்றைக்குத் தறிக்காரருக்குக் கூலி கொடுக்கிற நாள், அம்மா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கடன் வாங்கியாவது கூறைப் புடவை எடுக்க வேண்டியவர்களுக்குக் கிரெடிட் கார்டு ஓர் அனுகூலம். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கணக்கில் பணம் இருந்தும், புள்ளிக்கு ஆசைப்பட்டுக் கார்டை நீட்டுகிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் சொல்லுகிறேன். அடுத்த தடவை காஞ்சீபுரத்தில் சிறு கடைப்படி ஏறும்போது, எதை எடுத்து நீட்டுகிறோம் என்று ஒரு கணம் யோசியுங்கள். காலாட்டிப் பிழைக்கிறவரின் பங்கு, காலாட்டாதவருக்குப் போகாமல் இருக்கட்டும்.